யாருக்கு மேல் யார்: 'பாரமவுண்ட்' என்னும் சொல்லின் சட்ட வரலாறு

முக்கியத்துவத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் உரிச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. மெயின், சீஃப், பிரைமரி, பிரின்சிபல், கார்டினல் என்று ஒரு வரிசையே இருக்கிறது. இவற்றில் 'பாரமவுண்ட்' மட்டும் சற்று விலகி நிற்கிறது. விமானத்தில் பணிப்பெண் சொல்லும் அறிவிப்பிலும், கம்பெனிச் சுற்றறிக்கையிலும் 'மிக முக்கியம்' என்பதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. நீதிமன்றத்திலும் அரசியல் ஆவணத்திலும் அது வரும்போது கதை வேறு. அங்கே அது முக்கியத்துவத்தின் அளவைச் சொல்வதில்லை. பல உரிமைகள் மோதும்போது எது மற்றவற்றின் மேல் ஏறி உட்காரும் என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால் சமஸ்தானங்கள் தங்கள் உரிமைகளை இழந்தன. இதே வேறுபாட்டைக் கவனித்துப் பிடித்துக்கொண்டதால், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை தகப்பனின் உடைமைபோல நடத்தப்பட்ட குழந்தைக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

சொல்லின் பிறப்பு நில உரிமையில். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே சட்டத்தின் மொழி பிரெஞ்சாயிற்று. அந்தப் பிரெஞ்சில் 'அமோன்' என்றால் மேட்டுப்பக்கம், மேல்நோக்கி. மலையைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் அடியில் இருக்கிறது. முன்னே 'பர்' சேர்ந்து, 'எல்லாவற்றுக்கும் மேலே' என்ற பொருளில் சட்டச் சொல்லாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்துக்குள் வந்துவிட்டது. ஹாலிவுட்டின் பாரமவுண்ட் படக் கம்பெனியின் சின்னத்தில் ஒரு மலை நிற்பதைச் சினிமா பார்ப்பவர்கள் அறிவார்கள். சொல்லுக்குள்ளும் ஒரு மலை இருக்கிறது.

அன்றைய இங்கிலாந்தில் நிலம் ஒருவருக்குச் சொந்தம் என்பது இன்று நாம் நினைக்கும் பொருளில் இல்லை. நிலம் முழுவதும் கடைசிக் கணக்கில் மன்னருடையது. அவரிடமிருந்து ஒரு பிரபு பெற்று வைத்திருப்பார். பிரபுவிடமிருந்து ஒரு சிறு பிரபு, அவரிடமிருந்து இன்னொருவர், இப்படியே இறங்கிக்கொண்டு போய் மண்ணில் கால் வைத்து உழுகிற நிலைக்கு வரும். ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் ஏதோ ஒரு கடமைப்பட்டிருப்பார். உச்சியில் நிற்பவருக்கு லார்டு பாரமவுண்ட் என்று பெயர். அடியில் நிற்பவருக்கும் ஒரு பெயர் இருந்தது: டெனன்ட் பாராவேல். 'அமோன்' மேட்டுப்பக்கம் என்றால் 'அவால்' பள்ளத்தாக்குப் பக்கம். மேட்டாரும் பள்ளத்தாரும் இரட்டைச் சொற்களாகப் பிறந்தார்கள். பள்ளத்தாரின் பெயர் வழக்கொழிந்து அகராதியில் ஒடுங்கிவிட்டது, மேட்டாரின் பெயர் மட்டும் நடமாடுகிறது.

ஜோடிச் சொல் மறைந்தாலும் ஜோடி மறையவில்லை என்பதே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது. எதையாவது பாரமவுண்ட் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணமே வேறொன்று கீழே போய்விடுகிறது. அது எது என்று கேட்பதுதான் இந்தச் சொல்லைப் படிக்கும் முறை. தமிழில் 'தலையாய' என்று சொல்லும்போதும் பின்னால் இடையும் கடையும் நிற்கின்றன. ஆங்கில இலக்கணக்காரர்கள் 'மோர் பாரமவுண்ட்', 'மோஸ்ட் பாரமவுண்ட்' என்று எழுதக் கூடாது என்று கண்டிப்பதற்கும் காரணம் இதுவே. உச்சியில் நிற்பதற்கு மேல் இன்னும் கொஞ்சம் உச்சி கிடையாது.

இந்தியாவுக்கு இச்சொல் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளோடு. 1813க்கும் 1823க்கும் இடையே கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபு மராத்தியரை அடக்கிய பிறகு, துணைக்கண்டத்தில் கம்பெனியே மேலான சக்தி என்பது நடைமுறையாயிற்று. காகிதத்தில் நிலைமை வேறு. நிஜாம், கெய்க்வாட், சிந்தியா ஆகியோருடன் கம்பெனி செய்த உடன்படிக்கைகளில் பல, நண்பர்களுக்கிடையிலான ஒப்பந்தங்களின் மொழியில் எழுதப்பட்டவை. 1857 எழுச்சி அடங்கிக் கம்பெனி ஆட்சி முடிந்து, அரசியின் ஆட்சி வந்ததும் வைஸ்ராய் கானிங் பிரபு காகிதத்தில் இருந்த அந்தத் தயக்கத்தையும் விட்டார். இந்தியா முழுவதற்கும் கேள்விக்கிடமற்ற ஆட்சியாளரும் பாரமவுண்ட் சக்தியும் இங்கிலாந்தின் மகுடமே என்று 1860இல் எழுதினார். நில உரிமைப் பேச்சில் பிறந்த ஒரு சொல், பல நூறு சமஸ்தானங்களின் தலைமேல் அப்படியே தூக்கி வைக்கப்பட்டது. அது 'பாரமவுண்ட்சி' என்று பெயர்ச்சொல்லாகி, ஓர் ஆட்சித் தத்துவமாகவே ஆகிவிட்டது. தமிழில் இதை மேலாதிக்கம் என்று எழுதுகிறோம்.

இந்த மேலாதிக்கம் எப்படி வேலை செய்தது என்பதற்குப் பரோடாவைப் பார்க்கலாம். மகாராஜா மல்ஹர் ராவ் கெய்க்வாட், 1874இல் தம் அரண்மனையைக் கண்காணிக்க வந்திருந்த ஆங்கில ரெசிடென்ட் கர்னல் ஃபேருக்குப் பழச்சாற்றில் நஞ்சு கலந்து கொடுக்கச் சொன்னார் என்று குற்றம் சாட்டப்பட்டார். விசாரிக்க ஆறு பேர் கொண்ட கமிஷன் அமைக்கப்பட்டது: மூன்று ஆங்கிலேயர், மூன்று இந்தியர். இந்தியர்களில் குவாலியர், ஜெய்ப்பூர் மகாராஜாக்கள் இருவர். ஆங்கிலேயர் மூவரும் குற்றம் நிரூபணமானது என்றார்கள். இந்தியர் மூவரும் அதை ஏற்கவில்லை. சரிபாதி. எந்த நீதிமன்றத்திலும் இதோடு வழக்கு முடிந்திருக்கும். கல்கத்தா அரசு 1875இல் மல்ஹர் ராவைப் பதவியிலிருந்து இறக்கியது. நஞ்சுக் குற்றச்சாட்டை ஓரமாக வைத்துவிட்டு, சீர்கெட்ட நிர்வாகமும் நடத்தையும் காரணம் என்றது. நிரூபிக்கத் தேவையில்லாத காரணம் அது. கமிஷனின் முடிவு கனமுள்ளதுதான்; ஆனாலும் அதற்கு மேல் ஒன்று இருந்தது.

மல்ஹர் ராவின் இடத்துக்குக் கிராமத்திலிருந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைத் தேர்ந்து தத்தெடுக்கச் செய்தார்கள். அவரே பின்னாளில் புகழ்பெற்ற மூன்றாம் சயாஜி ராவ். பையன் வளரும்வரை நாட்டை நடத்த அனுப்பப்பட்ட திவான், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரில் திவானாக இருந்த டி. மாதவ ராவ். அவர் திறமையாகவே நடத்தினார். அந்தத் திறமை, அவரை அனுப்பிய அதிகாரத்தின் அடிப்படை என்ன என்ற கேள்விக்குப் பதிலாகாது.

நம் பக்கத்தில் புதுக்கோட்டை. தொண்டைமான்களின் சமஸ்தானம் தன் அம்மன் காசை வார்த்துப் புழங்கவிட்டது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில் இருக்கும். நாணயம் அடிக்கும் உரிமை என்பது இறையாண்மையின் அடையாளம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த இறையாண்மை எதுவரை போகும் என்பது 1915இல் தெரிந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆகஸ்டில் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு பிறந்த மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. மன்னர் கடைசியில் நாட்டை விட்டு ஐரோப்பாவில் வாழ்ந்து 1928இல் பாரிஸில் இறந்தார். அரியணையில் அமர்த்தப்பட்டவர் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான். தம் நாட்டுக்கெனக் காசு அடித்த மன்னரால் தம் மனைவிக்குப் பட்டம் கொடுக்க முடியவில்லை. அந்தத் திருமணத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைத்தாலும், அதை ஏற்பதும் மறுப்பதும் புதுக்கோட்டையில் முடிவாகவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்று ராஜாக்கள் கேட்காமல் இல்லை. ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், பேரார் மாகாணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு எழுதியபோது, உள்நாட்டு விஷயங்களில் தாமும் பிரிட்டிஷாரும் சமநிலையில் பேசலாம் என்ற தொனியில் வாதிட்டார். வைஸ்ராய் ரீடிங் 1926 மார்ச்சில் பதில் எழுதினார்: மகுடத்தின் மேலான நிலை உடன்படிக்கைகளிலிருந்து மட்டும் வந்ததன்று, அவற்றைச் சாராமலும் அது இருக்கிறது, எந்த இந்திய மன்னரும் பிரிட்டிஷ் அரசோடு சம அந்தஸ்தில் பேசுவதாக நியாயமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடம், ஒப்பந்தத்துக்கு வெளியேயும் எனக்கு உரிமை உண்டு என்று மற்றவர் சொல்லும்போது ஒப்பந்தம் என்பதற்கு என்ன பொருள் மிஞ்சும்?

கலங்கிய ராஜாக்களின் வேண்டுகோளால் 1927 இறுதியில் சர் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இங்கிலாந்தின் பெரிய வழக்கறிஞர் லெஸ்லி ஸ்காட் ராஜாக்கள் சார்பில் வாதாடினார். மேலாதிக்கத்தை வரையறுத்துக் கொடுங்கள் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். 1929இல் வந்த அறிக்கை வரையறுக்க மறுத்துவிட்டது. காலத்தின் தேவைக்கேற்ப மேலாதிக்கம் தன்னைத் தானே வரையறுத்துக்கொள்ளும், அது மேலானதாகவே இருக்க வேண்டும் என்றது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கும் அந்த வாக்கியத்தைச் சிலர் குழுவின் சொல்வறுமை என்று எண்ணினார்கள். என் பார்வையில் அது சொல்லின் மிக நேர்மையான பயன்பாடு. எல்லை போட்டுவிட்டால் அந்த எல்லை அதற்கு மேலே போய்விடும். பிறகு அது பாரமவுண்ட் ஆகாது. எல்லையற்றிருப்பது இந்தச் சொல்லின் இயல்பு, அதனாலேயே அதை அரசின் கையில் கொடுப்பது ஆபத்து.

பிரிட்டிஷார் கிளம்பும் நேரத்தில் இந்தத் தர்க்கம் தலைகீழாகத் திரும்பியது. 1946 மே மாத கேபினட் மிஷன் குறிப்பும், 1947ஆம் ஆண்டின் இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆவது பிரிவும், மேலாதிக்கம் புதிய அரசுகளுக்குக் கைமாறாது, காலாவதியாகும் என்றன. உச்சியில் இருந்தவர் இறங்கிப் போனால் அடுத்த படியில் இருந்தவர் என்ன ஆவார்? உச்சிக்கு வருவார் என்று திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் வாதிட்டார். சென்னையில் பெயர்பெற்ற வக்கீல் அவர், சொல்லின் பொருள் அறிந்தே பேசினார். 1947 ஜூன் 11 அன்று, மேலாதிக்கம் காலாவதியாகும் நாளில் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். சட்டப்படி பார்த்தால் வாதத்தில் ஓட்டை இல்லை. மக்கள் அதை ஏற்கவில்லை என்பதே அதிலிருந்த ஓட்டை. ஜூலை 25இல் அவரை வெட்டிக் காயப்படுத்தினார்கள். சில நாட்களில் மன்னர் இந்தியாவில் இணையச் சம்மதித்தார். வல்லபபாய் படேலும் வி.பி. மேனனும் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று விஷயங்களை மட்டும் எழுதிய இணைப்பு ஆவணத்தோடு ஒவ்வொரு சமஸ்தானமாகக் கையெழுத்து வாங்கினார்கள். வரையறுக்கப்படாத பெரிய சொல்லின் இடத்தில், வரையறுத்த மூன்று சிறிய சொற்கள் வந்தன. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு கலந்தது.

பரோடாவிலும் புதுக்கோட்டையிலும் மேலாதிக்கச் சக்தி தேர்ந்தெடுத்து அமர்த்தியவர்கள் சிறுவர்கள் என்பதைக் கவனியுங்கள். ராஜா சிறுவனாக இருக்கும்வரை யார் அவனுக்குப் பாடம் சொல்வது, யார் நிர்வாகம் பார்ப்பது என்பதெல்லாம் மேலிருந்து முடிவாயின. அதே காலத்தில் சாதாரணக் குழந்தையின் விஷயத்தில் உச்சியில் இருந்தவர் தகப்பன். 1883இல் இங்கிலாந்தில் ஏகர்-எல்லிஸ் வழக்கில், 16 வயதுப் பெண் தன் தாயோடு விடுமுறையைக் கழிக்கவும் கடிதம் எழுதவும் விரும்பியபோது, தகப்பன் மறுத்தால் நீதிமன்றம் தலையிடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் சென்னையில் ஒரு வழக்கு வந்தது. நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் 1909இல் அடையாற்றில் தியாசபிகல் சொசைட்டியில் குடியேறினார். அவருடைய மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம் வருங்கால உலக குருவைக் கண்டதாக அங்கே சொன்னார்கள். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் சொசைட்டியின் தலைவர் அன்னி பெசன்ட்டின் காப்பில் விட்டு எழுதிக் கொடுத்தார் நாராயணய்யா. பெசன்ட் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். தகப்பன் மனம் மாறி 1912இல் வழக்குப் போட்டார். பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் பையன்களைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது. தகப்பனின் காப்பாளர் உரிமை ஒரு புனிதப் பொறுப்பு, அதை அவர் எழுதிக் கொடுத்தாலும் திரும்பப் பெறலாம் என்று ஒரு பக்கம் தகப்பனுக்குச் சாதகமாகவே சொன்னார்கள். இங்கிலாந்தில் இருக்கும் பையன்கள்மீது செங்கல்பட்டு ஜில்லாவில் தொடங்கிய வழக்குக்கு அதிகாரமில்லை என்றார்கள். அதோடு இன்னொன்றையும் சுட்டினார்கள்: அந்தப் பையன்கள் என்ன விரும்புகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது கிட்டத்தட்ட 19 வயது. வழக்கு நடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு பெரியவர்களின் உரிமையே பேசப்பட்டது, பையன்கள் பள்ளத்தாராகவே இருந்தார்கள்.

1925இல் இங்கிலாந்தின் குழந்தைகள் காப்புச் சட்டம், குழந்தையின் நலனே முதலாவதும் பாரமவுண்டுமான கருத்து என்று எழுதியது. மேட்டில் நிற்கும் இடம் முதன்முறையாகத் தெளிவான சட்ட மொழியில் குழந்தையிடம் வந்தது. அதன் முழு விளைவு தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஸ்பெயினைச் சேர்ந்த ஏழைத் தம்பதிக்கு 1958இல் இங்கிலாந்தில் பிறந்த ஒரு பையன். தாய்க்குக் காசநோய் இருந்ததால் ஓர் ஆங்கிலக் குடும்பம் அவனை வளர்த்தது. இடையில் மாட்ரிடுக்குப் போனவன் உடம்பு கெட்டுத் திரும்பினான். பெற்றோர்மீது ஒரு குறையும் சொல்வதற்கில்லை, குடும்ப நிலையும் தேறிவிட்டது, பிள்ளையைத் திருப்பிக் கேட்டார்கள். 1969இல் பிரபுக்கள் சபை அவனை வளர்த்தவர்களிடமே விட்டது. அந்தத் தீர்ப்பில் மெக்டெர்மட் பிரபு அந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டினார். குழந்தையின் நலன் பட்டியலில் முதலாவதாக இருந்தால் மட்டும் போதாது. உண்மைகள், உறவுகள், பெற்றோரின் விருப்பங்கள் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த பிறகு, எந்த வழியில் போவது என்பதை முடிவு செய்வதே பாரமவுண்ட் என்றார்.

எனக்குத் தெரிந்தவரை இந்தச் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. கூடவே அதன் விலையையும் அந்த வழக்கு காட்டுகிறது. குற்றமற்ற ஒரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையை இழந்தார்கள். அந்தப் பையனுக்குச் சரியான தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன்; ஆனால் கீழே போனது எது என்பதை மறைக்காமல் அந்தப் பெற்றோரைப் பற்றியும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்த விலை தெரிந்ததனால்தான் ஐ.நா.வில் சொல்லைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. 1959ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைப் பிரகடனம் குழந்தையின் நலனைப் பாரமவுண்ட் என்றது. பிரகடனம் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியபோது, 3ஆவது பிரிவில் 'ஒரு பிரைமரி கருத்து' என்று இறக்கி எழுதினார்கள். தத்தெடுப்பைப் பற்றிய 21ஆவது பிரிவில் மட்டும் பாரமவுண்ட் நிலைத்தது. கவனக்குறைவால் வந்த வேறுபாடு இல்லை இது. ஒரு பள்ளிக்கு நிதி ஒதுக்குவதிலும், ஒருவரை நாடு கடத்துவதிலும் குழந்தையைத் தவிர வேறு பலரும் பல நலன்களும் இருக்கின்றன. தத்துக் கொடுப்பதோ முழுக்க முழுக்கக் குழந்தைக்காகவே நடக்க வேண்டிய காரியம். 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில், தான்சானியாவைச் சேர்ந்த ஒரு தாயை நாடு கடத்தலாமா என்ற வழக்கில், நீதிபதி ஹேல் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்: 'ஒரு முதன்மைக் கருத்து' வேறு, 'முதன்மையான ஒரே கருத்து' வேறு, பாரமவுண்ட் அவற்றுக்கும் மேலே. கீழ்ப்படியில் நின்றபோதும், பிரிட்டிஷ் குடிமக்களான அவள் குழந்தைகளின் நலனே அந்த வழக்கை வென்று கொடுத்தது. தமிழில் நாம் பிரைமரி, பாரமவுண்ட் என்ற இரண்டு சொற்களுக்கும் 'முதன்மை' என்றே எழுதிவிடுகிறோம். சட்ட மொழிபெயர்ப்பில் இது ஒரு படியையே அழித்துவிடும். 'முதன்மையான கருத்து', 'எல்லாவற்றுக்கும் மேலான கருத்து' என்று பிரித்து எழுதுவது நல்லது.

இந்தியாவில் இந்தச் சொல் கடந்துவந்த பாதை கரடுமுரடானது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனைப் பேசியது, கூடவே விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்றும் சொன்னது. ஆனால் அதன் 19ஆவது பிரிவு, தகுதியற்றவர் என்று கருதப்படாத தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு காப்பாளரை நியமிக்கக் கூடாது என்று கதவை அடைத்தது. அந்தப் பிரிவில் தகப்பனோடு தாயும் சேர்க்கப்பட்டது 2010இல். இடையில் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் வந்தது. அதன் 13ஆவது பிரிவு குழந்தையின் நலனே பாரமவுண்ட் என்கிறது. சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இல், பிள்ளைகள் பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களோ உடைமைகளோ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் உரக்கச் சொன்னது. அதன்பின் வந்த தீர்ப்புகளில் இந்தச் சொல் இல்லாத காப்பாளர் உரிமைத் தீர்ப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சொல்வது எளிதாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, குழந்தையின் பள்ளி, தூக்கம், பயம், பழகிய பாட்டி ஆகிய எதையும் விசாரிக்காமல் தீர்ப்பெழுதினால், பட்லர் குழு செய்ததுபோல 'மேலானது மேலானதே' என்று சொன்னதாகத்தான் ஆகும்.

அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவோ, இந்துக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தகப்பனின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்பதைத் தகப்பனின் ஆயுளுக்குப் பிறகு என்று படிக்க வேண்டியதில்லை, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் என்று படிக்கலாம் என்றது. குழந்தையின் நலன் எல்லாவற்றுக்கும் மேலானது என்றால் தாயைக் கீழே நிறுத்தும் வாசிப்பு அதோடு பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்புக்குள் ஓடும் இழை. ஆனாலும் தகப்பன் பொறுப்பாக இருக்கும் வீட்டில், அதே அளவு பொறுப்பாக இருக்கும் தாய் இன்னும் இரண்டாம் படியில்தான் நிற்கிறாள். 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் இருவரையும் ஒரே படியில் வைக்கும்படி 6ஆவது பிரிவைத் திருத்தச் சொன்னது. பிரிவில் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது.